முன்கண்ணாடியில் விழும் டாஷ்போட்டின் விம்பம்: நண்பகல் வீதியில் சாரதிக்கு எது மறைகிறது?

சித்திரை மாத நண்பகலில், மட்டக்களப்பில், ஆரையம்பதியிலிருந்து களுவாஞ்சிகுடிப் பக்கமாக வாகனம் ஓட்டிச் செல்லும் ஒருவர், வீதியை விட்டுக் கண்ணாடியையே ஒரு கணம் கவனித்தால், எதிரேயுள்ள காட்சிக்கு மேலாக இன்னொரு காட்சியும் மங்கலாகப் படிந்திருப்பதைக் காண்பார். குளிர்காற்று வரும் துவாரத்தின் விளிம்பு, கண்ணாடியோரம் செருகிவைத்த பெற்றோல் பற்றுச்சீட்டு, பிள்ளையார் சிலைக்குச் சூட்டிய பூ, இவை எல்லாம் காபட் வீதியின் மேல் மிதப்பவைபோலத் தெரியும். வெயில் பட்ட டாஷ்போட்டின் விம்பம் கண்ணாடியின் உட்பக்கத்தில் தெறித்துச் சாரதியின் கண்ணுக்கு வருவதே இது. நாள்தோறும் பார்ப்பதால் மூளை அதை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கிவிட்டோம் என்பதால் அதனால் கேடில்லை என்றும் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இந்த விம்பம் வெயில் விழுந்த வீதியைப் பெரிதாக மறைப்பதில்லை. மர நிழலில் நிற்பதைத்தான் மறைக்கிறது. நண்பகலில் எங்கள் பகுதியில் ஆளானாலும் ஆடு மாடானாலும் நிழலைத் தேடித்தான் ஒதுங்கி நிற்கும் என்பதால், இது வெறும் கண்கூச்சத்தோடு முடிகிற விடயமாக இல்லை.

கண்ணாடி ஒளியை முழுவதுமாக ஊடுசெல்ல விடுவதில்லை. ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் முறிவுச் சுட்டி கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5. நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு மேற்பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீதம் தெறிக்கும்; கண்ணாடிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு மேற்பரப்புகள் இருப்பதால் மொத்தம் 8 சதவீதம் வரை திரும்பிவரும். இரவில் விளக்கெரியும் அறைக்குள் நின்று சன்னல் கண்ணாடியைப் பார்த்தால் வெளியே உள்ள முற்றத்துக்குப் பதில் அறையே தெரிவது இதனால்தான். ஒளி சரிந்து விழ விழத் தெறிப்பு கூடும் என்பதை பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனல் 1820களில் சமன்பாடுகளாக எழுதிவைத்தார். இன்றைய சிறிய கார்களின் முன்கண்ணாடி, காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதற்காக, கிடையிலிருந்து சுமார் 30 பாகை மட்டுமே எழும்பியிருக்கும்படி நன்றாகச் சரித்து அமைக்கப்படுகிறது. அப்படியான கண்ணாடியில், சாரதி நேரே பார்க்கும் திசையில் அவர் கண்ணுக்கு வந்துசேரும் தெறிப்பொளியின் படுகோணம் (கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்கும் கோணம்) 60 பாகையாகிறது. அந்தக் கோணத்தில் ஒரு மேற்பரப்பு 9 சதவீதத்தையும், இரண்டும் சேர்ந்து 16 சதவீதத்தையும் தெறிக்கச் செய்யும். நேர்க்கோணத்தில் வருவதைப்போல இரு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி சில மில்லிமீற்றர் தடிப்புடையது என்பதால் இரண்டு தெறிப்புகளும் சற்று விலகி விழுகின்றன. பற்றுச்சீட்டின் விளிம்பு இரட்டையாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

டாஷ்போட்டின் எல்லா இடமும் ஒரே அளவு கேட்டைச் செய்வதில்லை. கிடையிலிருந்து 30 பாகை எழும்பிய கண்ணாடியில் சாரதியின் கிடையான பார்வைக் கோட்டைத் தெறிக்கவிட்டுப் பார்த்தால், அது முன்னோக்கியும் கீழ்நோக்கியும் சென்று கண்ணாடியின் அடியோரத்தை அண்டிய பட்டையில் முட்டும். கை எட்டாத அந்த ஒடுங்கிய பகுதியில்தான் பழைய பற்றுச்சீட்டுகளும், உதிர்ந்த பூக்களும், துடைப்புத்துணி எட்டாத தூசியும் சேர்கின்றன. அந்தப் பட்டையில் கிடக்கும் ஒரு வெள்ளைத் தாள், வீதியின் தூரப் பகுதிக்கு நேர் மேலே தெரியும். ஸ்டியரிங்குக்கு மேல் உள்ள மேட்டை மட்டும் துணியால் மூடிவிட்டு “கூச்சம் குறையவில்லை” என்று சொல்பவர்கள் மூட வேண்டிய இடத்தை விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

எவ்வளவு மறைகிறது என்பதைக் கணக்காகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் கண்ணால் மதிப்பிடும்போது எல்லோரும் குறைத்தே மதிப்பிடுவோம். உச்சி வெயிலில் நிலத்தில் விழும் ஒளி ஏறத்தாழ 100,000 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு). முன்கண்ணாடி அதில் 70 சதவீதத்தை உள்ளே விடுவதாகக் கொள்வோம். டாஷ்போட்டின் கறுப்புச் சாம்பல் நிறப் பிளாஸ்திக் தன்மேல் விழும் ஒளியில் 10 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினால், கண்ணாடியில் 16 சதவீதத் தெறிப்புக்குப் பின் கண்ணுக்கு வரும் ஒளிர்வு, அதாவது அது எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதன் அளவு, சதுர மீற்றருக்கு 350 கண்டெலா அளவில் இருக்கும். வெயில் பட்ட தார் வீதியின் ஒளிர்வு, கண்ணாடியூடாகப் பார்க்கையில், 2,200 கண்டெலா. ஆகவே வெயில் வீதியில் நிற்கும் கறுப்பு ஆடு இந்த ஒளித்திரையால் அவ்வளவாக மங்காது: ஆட்டுக்கும் வீதிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 60 சதவீதத்திலிருந்து 52 சதவீதமாக இறங்கும், அவ்வளவுதான். அதே ஆடு அடர்ந்த மர நிழலில் நின்றால் கதை மாறுகிறது. நிழலில் விழும் ஒளி 5,000 லக்ஸ் என்று கொண்டால் அந்த வீதித் துண்டின் ஒளிர்வு 110 கண்டெலாதான். அதற்கு மேலே விழும் திரையோ 350. நிழலில் உள்ள வீதியைக் காட்டிலும் டாஷ்போட்டின் விம்பம் மூன்று மடங்கு வெளிச்சமாக இருக்கிறது. 60 சதவீத வேறுபாடு 14 சதவீதமாகச் சுருங்குகிறது. டாஷ்போட் வெளிர் நிறமானதாக இருந்து 40 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினால், மிஞ்சுவது 4 சதவீதம். ஓடும் வாகனத்திலிருந்து, அவசரத்தில், அது இல்லாததற்குச் சமம்.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் இன்னொரு விடயமும் உண்டு. வாகனம் நிழலுக்குள் நுழைந்த கணத்தில் டாஷ்போட்டின் மேலும் நிழல் விழும். திரை மறைந்து எல்லாம் தெளிவாகிவிடும். மங்கல் இருப்பது, வாகனம் வெயிலில் ஓடிக்கொண்டிருக்க, பார்க்க வேண்டிய பொருள் முன்னே நிழலில் இருக்கும் அந்தச் சில விநாடிகளில் மட்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு விநாடியில் 16 மீற்றருக்கு மேல் கடக்கிறது. கண்டுகொண்டு, பிரேக்கை மிதித்து, உலர்ந்த வீதியில் நிற்பதற்கு 40 மீற்றருக்குக் குறையாமல் வேண்டும். நிழலின் விளிம்புக்கு வந்த பிறகு காண்பவருக்கு அந்தத் தூரம் மிஞ்சியிருக்காது. “திடீரென்று குறுக்கே வந்துவிட்டது” என்று சாரதிகள் சொல்வதில் பொய்யில்லை. அவர்கள் கண்ட விதம் அதுதான். ஆனால் அந்த மாடு அதே இடத்தில் வெகுநேரம் நின்றிருக்கக்கூடும்.

கண்கூச்சம் இரண்டு விதம் என்று ஒளியியலில் பிரித்துப் பார்ப்பதுண்டு. எதிரே வரும் வாகனத்தின் பெரிய லைட் கண்ணை உறுத்தும். நாம் முகத்தைச் சுளித்துக்கொள்வோம், வேகத்தைக் குறைப்போம். டாஷ்போட்டின் விம்பம் அப்படி உறுத்துவதில்லை. அது நோகாமல் பார்வைத்திறனை மட்டும் குறைக்கும் வகை. உறுத்தாத காரணத்தால் சாரதி வேகத்தைக் குறைக்கவும் மாட்டார். வயது ஏறியவர்களுக்கும், கண்ணில் வெண்புரை தொடங்கியவர்களுக்கும் கண்ணின் வில்லைக்குள்ளேயே ஒளி சிதறி இன்னொரு திரை உண்டாகும் என்பதால், ஒரே வாகனத்தில் மகன் காணும் வீதியைத் தகப்பன் காணமாட்டார்.

இனி எங்கள் ஊர் வெயில். மட்டக்களப்பு வடக்கு அகலக்கோடு 7.7 பாகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வரும். மார்கழியில்கூட நண்பகல் சூரியன் 59 பாகை உயரத்துக்குக் குறைவதில்லை. சரிந்த கண்ணாடிக்கு அடியில் நீண்டு கிடக்கும் டாஷ்போட்டில், எந்தத் திசையில் ஓட்டினாலும், வருடம் முழுவதும் வெயில் மேலிருந்து கொட்டுகிறது என்று இதற்குப் பொருள். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து காலையில் மண்முனைப் பாலத்தால் கிழக்கே எழுவான்கரைக்கு வருபவருக்குத் தாழ்ந்த சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். அது வேறு தொல்லை, அதற்கு வெயில் மறைப்புத் தட்டியும் அழுக்கில்லாத கண்ணாடியும் போதும். டாஷ்போட்டின் விம்பம் உச்சி வெயிலின் தொல்லை, காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் உச்சத்தில் இருப்பது.

அந்த நேரத்தில் வீதி எப்படி இருக்கும் என்பதைக் கரையோரத்தால் போனவர்கள் அறிவார்கள். தென்னந்தோப்பும் வெட்டவெளியும் மாறி மாறி வரும். காத்தான்குடிப் பிரதான வீதியில் பேரீச்சை ஓலைகள் கீற்றுக் கீற்றாக நிழல் போடும். அக்கரைப்பற்றைத் தாண்டித் திருக்கோவில், பொத்துவில் என்று போகும்போதும், அங்கிருந்து மொனராகலைப் பக்கம் திரும்பி லாகுகலைக் காட்டு வழியே போகும்போதும் வெயிலும் நிழலும் இன்னும் கூர்மையாகப் பிரியும். லாகுகலையில் நிழலுக்குள் நிற்பது ஆடாக இல்லாமல் யானையாகவும் இருக்கலாம், யானையின் நிறமும் நிழலின் நிறமேதான். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இந்தக் கரையோர வீதிகளில் நடந்து செல்வதும் இந்தக் கோடைப் பருவத்தில்தான். வெறுங்காலோடு நடப்பவர் தார் சூட்டுக்கு ஒதுங்கி நிழல் விழுந்த ஓரத்தால்தான் நடப்பார்.

இதற்கு நாம் பொதுவாகச் செய்யும் பரிகாரங்களில் இரண்டு, நோயைக் கூட்டுபவை. முதலாவது பொலிஷ். வாகனத்தைக் கழுவக் கொடுத்தால், கடைசியில் சிலிக்கன் கலந்த பொலிஷை டாஷ்போட் முழுக்கத் தடவிப் பளபளப்பாக்கித் தருவார்கள். வாடிக்கையாளர் பார்த்ததும் “புதுசு மாதிரி” என்று மகிழ்வார் என்பதற்காகச் செய்வது. சொரசொரப்பான பிளாஸ்திக் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும்; எண்ணெய்ப் பூச்சு அந்தச் சொரசொரப்பை நிரப்பிவிடுவதால் ஒளி ஒரே திசையில் குவிந்து கண்ணாடிக்குப் போகும், சில கோணங்களில் சூரியனே பட்டையாகத் தெரியும். போதாக்குறைக்கு அந்தப் பூச்சின் ஆவி வெயிலில் எழும்பிக் கண்ணாடியின் உட்பக்கத்திலும் படியும். கழுவும் இடத்தில் “டாஷ்போட்டுக்கு ஒன்றும் பூச வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் வழி. ஏற்கனவே பூசியிருந்தால், பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம் சிறிது கலந்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து இரண்டொரு தரம் துடைத்தால் பளபளப்பு இறங்கிவிடும்.

இரண்டாவது, முன்கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவது. தாள் ஒட்டப்படுவது கண்ணாடியின் உட்பக்கத்தில். விம்பமாகத் தெரியும் தெறிப்பொளியில் ஏறத்தாழ பாதி, தாளின் உள்முகத்திலேயே தெறித்துத் திரும்புவது. அது தாளைக் கடப்பதே இல்லை. வெளியிலிருந்து வரும் வீதிக் காட்சியோ முழுவதுமாகத் தாளைக் கடந்துதான் வர வேண்டும். வெயில் குறைந்து உள்ளே குளிர்ச்சியாக இருப்பதாகத் தோன்றினாலும், விம்பத்தைவிட வீதிதான் அதிகமாக இருண்டுபோகிறது.

உண்மையில் பலன் தருவது மங்கலான கறுப்புத் துணி. விமானத்தின் விமானி அறையில் கருவிப் பலகைக்கு மேலுள்ள மறைப்பு மினுக்கமற்ற கறுப்பில் இருப்பதும், பந்தயக் கார்களின் டாஷ்போட்டில் குட்டை மயிர்போன்ற கறுப்பு இழைகளைப் பொதிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இழைகளுக்கு இடையில் புகுந்த ஒளி பலமுறை மோதி உறிஞ்சப்பட்டுவிடும். 2 சதவீதத்தை மட்டும் திருப்பி அனுப்பும் துணியை விரித்தால், மேலே சொன்ன கணக்கில் 350 கண்டெலாவாக இருந்த திரை 70 ஆகக் குறைந்து, நிழலில் நிற்கும் ஆட்டின் வேறுபாடு 14 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக ஏறும். கறுப்பு என்றால் எந்தக் கறுப்பும் ஆகாது. றெக்சின், சாட்டின் போன்றவை கறுப்பாக இருந்தும் மினுங்கும். பருத்தி வெல்வெட்டோ, குட்டை மயிருள்ள வேறு துணியோ வேண்டும். வான்களின் முன்பக்கம் வெள்ளைச் சடை விரிப்புப் போட்டு அதன் நடுவே பூச்சாடி வைக்கும் அலங்காரம் இப்போதும் இருக்கிறது. அழகுக்கு நான் எதிரியில்லை, ஆனால் வாகனத்தின் வேறெந்த மூலையிலும் அந்த வெள்ளை இருந்துவிட்டுப் போகட்டும். சாமிப் படத்தையோ ஓதல் வசனத்தையோ வைப்பவர்கள், கண்ணாடிச் சட்டமும் பித்தளை மினுக்கமும் இல்லாததாகப் பார்த்து, மேல்தளத்தை விட்டு ரேடியோவின் பக்கமாகச் சற்றுக் கீழே வைத்தால் விம்பம் விழாது. இடதோரம் நல்ல இடம்போலத் தோன்றும். இங்கே நாம் இடப்பக்கமாக ஓட்டுவதால், அந்த விம்பம் விழுவது ஆட்கள் நடந்துபோகும் இடது கரைக்கு மேல்தான்.

துணியில் நம்பிக்கை வராதவர்கள் காசு செலவழிக்காமல் சோதித்துப் பார்க்கலாம். நண்பகலில் வாகனத்தை வெயிலில் நிறுத்தி, முன்பக்கம் ஒரு மா மரத்தின் அடி நிழலைப் பார்க்கும்படி வைத்து, கறுப்புப் பருத்தி ரீசேர்ட் ஒன்றைக் கண்ணாடியின் அடியோரம் வரை தள்ளி டாஷ்போட்டின் பாதியில் விரிக்க வேண்டும். சாரதி இருக்கையில் அமர்ந்து பார்த்தால், மர நிழலின் ஒரு பாதியில் வேர்களும் சருகும் தெரியும்; மறுபாதி சாம்பல் பூத்தாற்போல இருக்கும்.

விரிப்பைத் தைத்துப் போடும்போது சில இடங்களை விட்டுவைக்க வேண்டும். இடப்பக்கம் டாஷ்போட்டின் மேல்மூடிக்குக் கீழே காற்றுப்பை உள்ள வாகனங்களில், அந்த மூடி திறக்கும் இடத்தைத் துணியாலோ பசையாலோ அடைக்கக் கூடாது. மோதலில் அது இமைப்பொழுதில் வெடித்து விரியும், அதன்மேல் இருக்கும் எதையும் முகத்தை நோக்கி எறியும். கண்ணாடியின் பனிப்பை நீக்கும் காற்றுத் துவாரங்களை மூடினால், வாடை மழைக் காலத்தில் கண்ணாடி உள்ளே புகைத்துப்போய் ஒன்றும் தெரியாது. லைட்டைத் தானாக எரியவிடும் ஒளி உணரி சில வாகனங்களில் டாஷ்போட்டின் நடுவில் பொத்தான்போல இருக்கும். அதற்கும் ஒரு துளை விட வேண்டும். கறுப்பு சூட்டை இழுக்கும் என்ற முறைப்பாடு நியாயமானதுதான். வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்தில் டாஷ்போட் 70 பாகை செல்சியசை அண்மிக்கும், கறுப்புத் துணி அதைக் குறைக்கப்போவதில்லை. நிறுத்தும்போது கண்ணாடிக்கு மினுங்கும் மடிப்பு மறைப்பை வைத்து, ஓட்டும்போது எடுத்துவிடுவது அதற்கான பதில். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் துணியில் மணலும் தூசியும் படிந்து கறுப்பு சாம்பலாகிவிடும். கிழமைக்கொரு தரம் எடுத்து உதறாவிட்டால் விரித்ததன் பயன் பாதியாகிவிடும்.

கண்ணாடியின் உட்பக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிப்பக்கத்தைக் கழுவுகிறவர்களில் பலர் உட்பக்கத்தைத் தொடுவதில்லை. பிளாஸ்திக்கை இளக்கமாக வைத்திருக்கச் சேர்க்கும் பொருட்கள் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படியும்; வாகன உற்பத்தியில் இதை அளக்கவென்றே ஐஎஸ்ஓ 6452 என்ற சோதனை முறை இருக்கிறது. அதனோடு காலையில் வண்டியை எடுக்கும்போது கொளுத்தும் ஊதுபத்தியின் புகையும், சாம்பிராணியும், கைவிரல் எண்ணெயும் சேரும். தெறிப்பு ஒரு விம்பத்தைக் காட்டுகிறது. படலமோ வெயிலைச் சிதறடித்துக் கண்ணாடி முழுவதையும் பால்போல வெளுக்கச் செய்கிறது. இரண்டும் சேரும்போது எது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. நீரில் சிறிதளவு வினாகிரியோ சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டோ கலந்து, கண்ணாடியில் நேரே தெளிக்காமல் துணியில் நனைத்து, வாகனத்தை நிழலில் வைத்து ஒரு துணியால் துடைத்து, காய்ந்த இன்னொரு துணியால் மெருகிட வேண்டும். உட்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் வெளிப்பக்கத்தை இடமிருந்து வலமாகவும் துடைத்தால், மிஞ்சும் கோடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அதன் திசையே சொல்லிவிடும். அடியோரத்து ஒடுங்கிய மூலைக்குக் கை போகாது. தட்டையான மரச்சட்டம் ஒன்றில் துணியைச் சுற்றி உள்ளே விடலாம்.

ஒரு தளத்தில் அதிரும் ஒளியைத் தடுக்கும் முனைவாக்கக் (போலறைஸ்ட்) குளிர்கண்ணாடி அணிவதில் ஓர் இயற்பியல் அதிர்ஷ்டம் இருக்கிறது. 1808ல் பாரிசில் மாலு என்பவர், எதிர் மாளிகையின் சன்னல்களில் தெறித்த மாலை வெயிலை ஒரு படிகத்தினூடாகப் பார்த்துக்கொண்டு படிகத்தைத் திருப்பியபோது, தெறிப்பொளி மங்கி மறுபடி பிரகாசிப்பதைக் கண்டார். தெறித்த ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது என்பது அதனால் விளங்கியது. 1815ல் ப்ரூஸ்டர் அதற்கு விதி சொன்னார்: கண்ணாடிக்கு 56 பாகைப் படுகோணத்தில் தெறிக்கும் ஒளி முழுவதும் அப்படி ஆகிவிடும். சரிந்த முன்கண்ணாடியில் டாஷ்போட்டின் ஒளி தெறிக்கும் 60 பாகை இதற்கு மிக அருகில் இருப்பதால், விம்பத்தின் ஒளியில் ஏறத்தாழ எல்லாமே கிடையாக அதிர்வது. கிடை அதிர்வைத் தடுக்கும்படி செய்யப்பட்ட குளிர்கண்ணாடி அந்த விம்பத்தை அநேகமாக அழித்துவிடும், வீதியை வெறுமனே சற்று இருட்டாக்கும். முனைவாக்கத் தாளை உருவாக்கிய அமெரிக்கரான எட்வின் லாண்ட் ஆரம்பத்தில் நாடியதும் வாகனங்களின் முன்லைட் கூச்சத்தை ஒழிப்பதைத்தான்; அது வீதிக்கு வரவில்லை, கண்ணாடிக் கடைக்கு வந்தது. வாங்கும்போது சோதிப்பது எளிது: வெயிலில் நிறுத்திய காரில் அணிந்துகொண்டு தலையை ஒரு தோளை நோக்கிச் சாய்த்தால், மறைந்திருந்த விம்பம் மெல்ல எழும்பி வர வேண்டும். வராவிட்டால் அது வெறும் கறுப்புக் கண்ணாடி. அணிந்தபின் சில டிஜிட்டல் திரைகள் கறுத்துத் தெரிவதும், பக்கக் கண்ணாடிகளில் புள்ளிப் புள்ளியாக வடிவம் தெரிவதும் வழமை. குளிர்கண்ணாடிகளில் மிகக் கருமையான நான்காம் வகையைச் சேர்ந்தது வாகனம் ஓட்டுவதற்கு ஆகாது. பொழுது சாயத் தொடங்கினால் எந்த வகையையும் கழற்றிவிட வேண்டும்.

பழைய பஸ், லொறி ஓட்டுபவர்களுக்குக் கணக்கு வேறு. கண்ணாடி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதால் தெறிப்பு 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும், ஆனால் முனைவாக்கமும் வெகுவாகக் குறையும். குளிர்கண்ணாடியால் அவ்வளவு பலன் கிடைக்காது. பார்வைக் கோடு தெறித்துத் திரும்புவதும் கண்ணாடியின் அடிக்கு இல்லாமல் சாரதியை நோக்கித்தான், அதனால் அங்கே விம்பமாகத் தெரிவது பெரும்பாலும் அவருடைய வெள்ளைச் சேர்ட்டும், மடியில் வைத்திருக்கும் துவாயும். கடும் நீலமோ மண்ணிறமோ உடுத்துவது அவர்களுக்குச் செலவில்லாத பரிகாரம். டாஷ்போட்டில் கமரா பொருத்தியிருப்பவர்களுக்கு இதே முனைவாக்கத் தத்துவத்தில் சிறிய வட்டமான வடி (பில்டர்) விற்கப்படுகிறது. நண்பகல் வெயிலில் கமராவின் திரையைப் பார்த்தபடி அதைச் சுழற்றி, டாஷ்போட்டின் விம்பம் மறையும் இடத்தில் நிறுத்திவிட்டால், வாகன இலக்கத் தகடுகள் பதிவில் தெளிவாக விழும்.